பெரியம்மா இளைத்த கதை: பட்டினிக்கு நாம் வைத்த பெயர்கள்

இந்த எபிசோடை ரெண்டு தடவை ரெக்கார்ட் செய்து, ரெண்டு தடவையும் அழிச்சுட்டேன். இதில் வருகிற முக்கியமான ஆள் என் பெரியம்மா என்பதுதான் காரணம். அவங்களைப் பத்திப் பேசலாமான்னு போன்ல கேட்டேன். "பேரைச் சொல்லாம என்னத்த வேணா சொல்லிக்கோட்டி. ஆனா அழுதாப்புல பேசாத" என்றார்கள். சரி, அழாமல் பேசப் பார்க்கிறேன்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. சாப்பாடு, எடை, பட்டினி எல்லாம் பேச்சில் வரும். அந்த விஷயத்துல உங்களுக்குள்ளயே ஒரு சண்டை நடந்துக்கிட்டிருந்தா, இதை இன்னொரு நாள் கேளுங்க, தப்பில்லை. பெரியம்மா எத்தனை கிலோ இருந்தாங்க, எத்தனை கிலோ ஆனாங்கன்னு நான் எங்கேயும் சொல்லப்போறதில்லை. அந்த நம்பரைக் கேட்டதும் நம்ம மூளை தன்னோட நம்பரை எடுத்துப் பக்கத்துல வச்சுப் பார்க்கும். அது வேண்டாம்.

ஊர் வீரகேரளம்புதூர். எங்க பக்கம் யாரும் முழுசாச் சொல்ல மாட்டாங்க, வீ.கே.புதூர்தான். தென்காசி மாவட்டத்தில் சுரண்டைக்குப் பக்கம். குற்றாலத்தில் நீங்க தலையைக் கொடுத்துக் குளிக்கிற தண்ணி, கீழே இறங்கிச் சிற்றாறாக ஓடி எங்க பக்கமாத்தான் வரும். ஒரு காலத்தில் ஊற்றுமலை ஜமீனின் தலைமையிடம். காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியாரை ஆதரித்த ஜமீன் அது. இப்போ தாலுகா ஆபீஸ் இருக்கிற ஊர். பெரியம்மா வீடு அங்கேதான்.

பெரியப்பா இறந்தப்போ பெரியம்மாவுக்கு 38 வயசு. அதுக்கப்புறம் ஒரு பள்ளிக்கூடத்துல சத்துணவுச் சமையல் வேலை. எம்.ஜி.ஆர். 1982 ஜூலை 1-ம் தேதி தொடங்கிய திட்டம். அதில் வேலைக்கு ஆள் எடுக்கும்போது கணவனை இழந்த பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் முன்னுரிமை கொடுத்தார்கள். பிள்ளைகளுக்குச் சோறு, இவங்களுக்குச் சம்பளம். இருபது வருஷத்துக்கு மேல தினமும் எண்பது பிள்ளைகளுக்குச் சோறு வடிச்ச கை என் பெரியம்மாவோட கை. இந்த விவரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க.

50-ஐத் தொடுகிற நேரத்தில் பெரியம்மாவுக்கு உடம்பு வச்சது. மாதவிலக்கு நின்னதுக்கு அப்புறம் பல பெண்களுக்கு இப்படித்தான் நடக்கும். ஈஸ்ட்ரோஜன் குறையும்போது, முன்னாடி இடுப்பிலும் தொடையிலும் சேர்ந்த கொழுப்பு வயிற்றுப் பக்கம் சேர ஆரம்பிக்கும். கூடவே வயசு தசையைக் கரைக்கும். அதே சோறு, அதே வேலை, ஆனா ரவிக்கை பத்தாது. இந்தியப் பெண்களுக்கு மாதவிலக்கு நிற்கிற சராசரி வயசே 46, 47-தான். மேற்கு நாடுகளில் 51.

முட்டு வலி வந்தது. ஒரு மருத்துவ முகாமில் எடை பார்த்தாங்க, சர்க்கரை பார்த்தாங்க. "வெயிட்டைக் குறைங்கம்மா" என்று ஒரு வரி. சொன்ன டாக்டர் மேல தப்பில்லை, சொல்ல வேண்டியதுதான். ஆனா எப்படிக் குறைக்கணும், எங்கே நிறுத்தணும்னு சொல்ல அந்த வரிசையில் யாருக்கும் நேரமில்லை.

பெரியம்மா குறைச்சாங்க. நாங்க எல்லாரும் கைதட்டினோம். நான் உட்பட. ஒரு கல்யாண வீட்டில் நானே சொன்னேன்: "பெரியம்ம, சூப்பரா இருக்கீங்க, பத்து வயசு குறைஞ்சிட்டு."

இங்கே ஒரு சின்ன கிளைக்கதை. திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சில் ஒரு காலத்தில் "உடம்பு வச்சிருக்க" என்பது பாராட்டு. பிள்ளை நல்லா இருக்கு, வீட்டில் குறையில்லைன்னு அர்த்தம். "வத்திப் போயிட்டியே" என்றால் கவலை. என்ன கஷ்டம், யார் என்ன சொன்னா, மாமியார் வீட்டில் சோறு போடுறாங்களா இல்லையா என்று அடுத்த கேள்வி வரும். என் அம்மா தலைமுறைக்குள்ளேயே இது ரெண்டும் இடம் மாறிடுச்சு. இப்போ "உடம்பு வச்சிருக்க" என்பது குத்தல். "இளைச்சிட்டியே" என்பது பாராட்டு. பழைய பேச்சில் குறைந்தபட்சம் அடுத்த கேள்வி ஒண்ணு இருந்தது. பாராட்டுக்கு அப்புறம் கேள்வி கிடையாது.

சாரல் சமயத்தில் ஒரு தடவை சொந்தக்காரங்க எல்லாம் குற்றாலத்துக்குப் போயிட்டு, வழியில் பார்டர் பரோட்டா சாப்பிட்டு, மிச்சத்தைப் பார்சல் கட்டிக்கிட்டு வீட்டுக்கு வந்தோம். பெரியம்மா தொடலை. "கிருத்திகை விரதம்" என்றார்கள். அதுக்கு முந்தின நாள் வெள்ளிக்கிழமை விரதம். அதுக்கும் முன்னாடி வயிறு சரியில்லை. யாருக்கும் உறுத்தலை. ராத்திரி ரெண்டு மணிக்குத் தண்ணி குடிக்க எழுந்தேன். அடுக்களையில் லைட் போடாமல் யாரோ உட்கார்ந்திருந்தாங்க. பெரியம்மா, தரையில், அந்தப் பரோட்டா பொட்டலத்தைப் பிரிச்சு வச்சுக்கிட்டு, வேகவேகமா. என்னைப் பார்த்ததும் கையைப் பின்னாடி மறைச்சாங்க. ஒரு சின்னப் பிள்ளை மாதிரி. நான் எதுவும் பேசாமல் போய்ப் படுத்துட்டேன். அடுத்த ரெண்டு நாள் அவங்க கிட்டத்தட்ட ஒண்ணுமே சாப்பிடலை என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது.

சில மாசம் கழிச்சு, துணி காயப்போடும்போது மயங்கி விழுந்தாங்க. இந்த வயசில் காரணம் தெரியாமல் எடை குறைஞ்சா முதலில் மத்த எல்லாத்தையும் பார்க்கணும்: சர்க்கரை, தைராய்டு, காசநோய், புற்றுநோய், பல்லு, மனச்சோர்வு, சாப்பிடுற மாத்திரைகள். எல்லாம் பார்த்தாங்க. ஒரு டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிட்டு, "சுகர் நல்லாக் கன்ட்ரோல்ல இருக்கே, வெயிட்டும் குறைச்சிருக்கீங்களே, குட்" என்றார். மயங்கி விழுந்து வந்தவங்ககிட்ட. கடைசியில் திருநெல்வேலியில் ஒரு மனநல மருத்துவர்தான் அரை மணி நேரம் உட்கார வச்சுப் பேசிட்டு, இது ஈட்டிங் டிஸார்டர், உண்ணுதல் கோளாறு என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, நிஜமா. அது சினிமா நடிகைக்கும் காலேஜ் பொண்ணுக்கும் வர்றது இல்லையா? வீ.கே.புதூர்ல, ரேஷன் கார்டுல குடும்பத் தலைவியா இருக்கிற, சஷ்டி விரதம் இருக்கிற ஒரு பெரியம்மாவுக்கா?

அந்தச் சிரிப்பு எங்கேயிருந்து வந்ததுன்னு தேடப் போனதுதான் இந்த எபிசோடு.

1873-க்குப் போவோம். ஒரே வருஷத்தில் ரெண்டு ஊர்களில் ரெண்டு டாக்டர்கள். லண்டனில் வில்லியம் கல், விக்டோரியா மகாராணிக்கே வைத்தியம் பார்த்தவர். பாரிஸில் சார்லஸ் லசேக். ஒருத்தரை ஒருத்தர் பார்த்து எழுதாமலே, சாப்பிட மறுத்து உருகிப்போகிற பெண்களைப் பற்றி ரெண்டு பேரும் அறிக்கை கொடுத்தார்கள். 'அனரெக்ஸியா நெர்வோசா' என்ற பெயர் கல் வைத்தது. அவர் முக்கியமாகக் காட்டிய நோயாளிகள் பதின்வயதுப் பெண்கள். இது பெரும்பாலும் 16-லிருந்து 23 வயசுக்குள் இருக்கிற பெண்களுக்கு வருவது என்று எழுதினார். லசேக்கின் எட்டு நோயாளிகளில் மூத்தவருக்கு 32 வயசு. கல்லின் கட்டுரையில் சிகிச்சைக்கு முன், சிகிச்சைக்குப் பின் என்று பெண்களின் படங்கள் வேறு அச்சானது. மெலிந்த ஒரு இளம்பெண் முகம். அன்றிலிருந்து இந்த நோய்க்கு முகம் அதுதான்.

1972-ல் அமெரிக்காவில் ஆராய்ச்சிக்காக ஒரு விதிமுறை எழுதினார்கள், ஃபைக்னர் விதிகள் என்று பெயர். அதில் இந்த நோய் 25 வயசுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை. அதாவது, 40 வயசில் ஒருத்தி சாப்பிடுவதை நிறுத்தினால் கணக்கில் வரமாட்டாள். வயசு நிபந்தனை பிறகு போனது. ஆனால் அதைவிடப் பெரிய கதவு ஒன்று வந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு, டி.எஸ்.எம். என்பார்கள், அதன் 1987 பதிப்பிலும் 1994 பதிப்பிலும் அனரெக்ஸியாவை உறுதிசெய்ய ஒரு அடையாளம் கேட்டது: தொடர்ந்து மூணு மாதவிலக்கு வராமல் இருக்கணும்.

மாதவிலக்கே நின்னுபோன பெண்ணிடம் இதை எப்படிப் பொருத்துவது? 55 வயசுக்காரிக்கு மூணு மாசமா வரலை என்றால் அது செய்தியா? அந்தக் கையேட்டை எழுதியவர்கள் வயசான பெண்களை வேணும்னே தள்ளி வைக்கலை. அவங்க நினைப்பிலேயே இல்லை. அதுதான் எனக்கு அதிகம் வலிக்குது. 2013-ல் வந்த ஐந்தாவது பதிப்பில்தான் இந்த நிபந்தனையை நீக்கினார்கள். கட்டுப்பாடில்லாமல் ஒரே மூச்சில் சாப்பிட்டுவிட்டுக் குற்ற உணர்ச்சியில் வதங்குவதையும் அதே பதிப்பில்தான் தனி நோயாகச் சேர்த்தார்கள். ஆல்பர்ட் ஸ்டங்கார்டு என்ற மருத்துவர் ராத்திரியில் எழுந்து சாப்பிடுவதைப் பற்றி 1955-லும், ஒரே மூச்சில் சாப்பிடுவதைப் பற்றி 1959-லும் எழுதிவிட்டார். புத்தகத்துக்குள் முறையாக வர அரை நூற்றாண்டு.

தேடிப் பார்த்தவர்களுக்கு ஆட்கள் கிடைத்தார்கள். 2012-ல் அமெரிக்காவில் 50 வயசுக்கு மேற்பட்ட 1,849 பெண்களிடம் இணையம் வழியாகக் கேட்ட ஒரு ஆய்வில், சுமார் 13 சதவீதம் பேருக்கு இந்தக் கோளாறுகளின் அறிகுறி ஏதாவது ஒன்றாவது இருந்தது. 2017-ல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வு 40-களிலும் 50-களிலும் இருக்கிற 5,000-க்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றியது. அந்த வயசுக்குள் சுமார் 15 சதவீதம் பேர் வாழ்க்கையில் எப்போதாவது ஒரு உண்ணுதல் கோளாறைக் கடந்திருக்கிறார்கள். அவர்களில் உதவி தேடிப் போனவர்கள் பத்தில் மூணு பேர்கூட இல்லை.

இங்கே எப்படி? தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு, 2019-21. தமிழ்நாட்டுப் பெண்களில் சுமார் 40 சதவீதம் பேர் எடை கூடியவர்கள் என்று சொன்ன அதே கணக்கெடுப்பு. நம்ம பேப்பர்ல எல்லாம் தலைப்புச் செய்தியா வந்தது. யாரை எடை பார்த்தார்கள் தெரியுமா? 15-லிருந்து 49 வயசு வரை உள்ள பெண்களை. பிள்ளை பெறுகிற வயசு. 50-வது பிறந்தநாளோட அந்தக் கணக்கிலிருந்து பெண் வெளியே போயிடுறா. 45 வயசுக்கு மேற்பட்டவர்களுக்கென்று தனியாக லாசி என்ற ஆய்வு 2017-18-ல்தான் முதல் சுற்று நடந்தது. அதன்படி இந்தியாவில் 60 தாண்டியவர்களில் சுமார் 27 சதவீதம் பேர் எடை குறைந்தவர்கள், 22 சதவீதம் பேர் எடை கூடியவர்கள். ஏன் குறைந்தது என்பதைத் தராசு சொல்லாது. வறுமையா, நோயா, தனிமையா, பயமா?

இதுவரைக்கும் சொன்னது டாக்டர்கள் ஏன் பார்க்கலைங்கிற கதை. நாங்க ஏன் பார்க்கலை? ஒரே வீட்டில் இருந்துகொண்டு? அதுக்கு லண்டன் போக வேண்டாம். புறநானூறு போதும்.

பூதப்பாண்டியன் என்று ஒரு அரசன். அவன் இறந்ததும் அவன் மனைவி, பெருங்கோப்பெண்டு என்று நாம் அறியும் பெண், தீப்பாயப் போகிறாள். சான்றோர்கள் தடுக்கிறார்கள். அவர்களைப் பார்த்து அவள் பாடியது 246-வது பாட்டு. ஸ்கூல்ல இதைக் காதல், கற்புன்னு நடத்துவாங்க. நான் இந்தத் தடவை படித்தபோது எனக்கு அதில் தெரிந்தது ஒரு சாப்பாட்டுப் பட்டியல். கணவனை இழந்தவள் என்ன சாப்பிட வேண்டும் என்று அவள் வரிசையாகச் சொல்கிறாள். நெய் படாத சோறு, அதுவும் தண்ணீரிலிருந்து கையால் பிழிந்தெடுத்த பிடி. எள்ளுத் துவையல். புளி விட்டு வேகவைத்த வேளைக் கீரை. படுக்க, பாய் இல்லாத பருக்கைக் கல். இப்படி வாழ்கிற பெண்களில் ஒருத்தி நான் இல்லை என்கிறாள். நெருப்பு இதைவிடத் தேவலை.

ரெண்டு பாட்டு தள்ளி 248-ல், ஒக்கூர் மாசாத்தனார் ஆம்பல் கொடியைப் பற்றிப் பாடுகிறார். சின்ன வயசில் ஆசையாகத் தழையுடையாக உடுத்தியது அதே ஆம்பல். இப்போது கணவன் போன பிறகு அதன் விதையைத்தான் அரிசியாகச் சாப்பிட வேண்டியிருக்கிறது.

கைம்மை நோன்பு என்று பேர். நோன்பு. அந்தச் சொல் எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க. உப்பும் நெய்யும் இல்லாமல் ஒரு பெண்ணை அரைவயிற்றில் வைத்திருந்தால் அது கொடுமை. நோன்பு என்று பெயர் வைத்துவிட்டால் அவளுடைய பெருமை. மெலிந்த உடம்பு அவள் ஒழுங்காக இருக்கிறாள் என்பதற்குச் சாட்சி. பின்னாளில் பல சாதிகளில், குறிப்பாகப் பிராமண வீடுகளில், கணவனை இழந்தவளுக்கு ஒரு நேரம்தான் சோறு, ராத்திரி பலகாரம் என்ற கட்டுப்பாடு என் ஆச்சி காலம் வரைக்கும் இருந்தது. ஏகாதசிக்குத் தண்ணிகூட இல்லை. பெண்ணுக்கு 20 வயசானாலும் சரி, 70 ஆனாலும் சரி.

எங்க குடும்பத்தில் ஒரு ஜோக் உண்டு. எங்க பூட்டி, ஆச்சியோட அம்மா, டிரங்குப் பெட்டியில் கருப்பட்டியும் பொரிகடலையும் சேவும் ஒளிச்சு வச்சிருப்பாளாம். ராத்திரி எல்லாரும் தூங்கினதும் மெல்லத் திறப்பாளாம். தகரப் பெட்டி கிரீச்சிடும். பிள்ளைகள் போர்வைக்குள்ள சிரிக்கும். ஒவ்வொரு பொங்கலுக்கும் இந்தக் கதையைச் சொல்லி நாங்க சிரிச்சிருக்கோம். உங்க வீட்டிலும் இப்படி ஒரு பாட்டிக் கதை இருக்கும்னு நினைக்கிறேன். பூட்டிக்கு 30 வயசில் தாலி அறுத்தார்கள். அதற்கப்புறம் 50 வருஷம் ஒருவேளைச் சோறு. இதையும் சேர்த்துச் சொன்னால் அந்த ஜோக் ஜோக்காக இருக்காது. அதனால்தான் சேர்த்துச் சொல்ல மாட்டோம்.

பட்டினி கிடக்கிற மனசுக்கு என்ன ஆகும் என்று சோதித்தே பார்த்திருக்கிறார்கள். 1944 நவம்பர், ரெண்டாம் உலகப் போர் முடியும் தறுவாய். மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களை எடுத்துக்கொண்டார். போருக்குப் போக மனசாட்சி இடம்கொடுக்காதவர்கள், தாங்களாக முன்வந்தவர்கள். ஆறு மாசம் பாதிச் சாப்பாடு. உடம்பு மெலிந்தது, அது எதிர்பார்த்ததுதான். எதிர்பார்க்காத அளவுக்கு மாறியது மனசு. நாள் முழுக்கச் சாப்பாட்டு நினைப்பு. சமையல் புத்தகங்களைச் சேர்க்க ஆரம்பித்தார்கள். தட்டை நக்கினார்கள். ஒரு பிடிச் சோத்தை ஒரு மணி நேரம் வைத்துச் சாப்பிட்டார்கள். சிலர் கட்டுப்பாட்டை உடைத்து ஒளிந்து சாப்பிட்டுவிட்டு, அவமானத்தில் குமைந்தார்கள். முழுச் சாப்பாடு திரும்பக் கொடுத்த பிறகும் நிறுத்தத் தெரியாமல் தின்றவர்கள் உண்டு. திடமான ஆம்பளைப் பசங்க. விரும்பி வந்தவர்கள். ஆறு மாசம்தான்.

பூட்டிக்கு 50 வருஷம்.

இன்னொரு விஷயம், சொல்லாமல் விட முடியலை: அந்த ஆன்சல் கீஸ்தான் 1972-ல் பாடி மாஸ் இண்டெக்ஸ், பி.எம்.ஐ. என்ற பெயரையும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர். கணக்கு 19-ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்துக்காரர் கேத்தலே போட்டது, பேர் கீஸ் வைத்தது. பட்டினி மனசை என்ன செய்யும் என்று காட்டியதும் அவர், இன்றைக்கு முகாமில் உங்க அம்மாவைப் பார்த்துச் சொல்கிற நம்பரும் அவர் கைவழியாக வந்தது. முதல் பாதி முகாமுக்கு வரவே இல்லை.

சரி, விரதத்துக்கு வருவோம். இங்கே நான் கொஞ்சம் ஜாக்கிரதையாகப் பேசணும். விரதம் எல்லாம் நோய் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்கிற ஆராய்ச்சிகளிடம் எனக்குப் பிணக்கு உண்டு. 1985-ல் ருடால்ஃப் பெல் என்ற வரலாற்றாசிரியர், 'ஹோலி அனரெக்ஸியா' என்று ஒரு புத்தகம் எழுதினார். இத்தாலியில் இடைக்காலத்தில் சாப்பாட்டை ஒறுத்த பெண் துறவிகளைப் பற்றியது. சியெனா நகரத்து கேத்தரின், 1380-ல் 33 வயசில் இறந்தவர், அதில் முக்கியமான ஆள். ரெண்டு வருஷம் கழித்து கரோலின் வாக்கர் பைனம் என்பவர் வேறொரு புத்தகத்தில், அந்தப் பெண்களுக்குச் சாப்பாடு என்ன அர்த்தம் கொடுத்தது என்பதைக் கேட்காமல் இன்றைய நோய்ப் பெயரை ஒட்டக் கூடாது என்று வாதாடினார். அவங்க கையில் இருந்த ஒரே அதிகாரம் சாப்பாடு. சமைப்பது, கொடுப்பது, மறுப்பது. நான் பைனம் பக்கம்.

ஏனென்றால் நமக்குக் காரைக்கால் அம்மையார் இருக்கிறார். குற்றாலத்தில் சித்திரசபை பார்த்திருப்பீங்க, நடராசரின் ஐந்து சபைகளில் ஒன்று. அதே வரிசையில் இன்னொன்று திருவாலங்காட்டு ரத்தினசபை. அங்கே நடனத்தைப் பார்த்துக்கொண்டு காலடியில் உட்கார்ந்திருப்பவர் அம்மையார். அறுபத்து மூவரில் மூணு பேர்தான் பெண்கள். வரிசையில் மத்தவர்கள் நிற்க, உட்கார்ந்திருப்பது அவர் மட்டும். சோழர் காலத்துச் செப்புச் சிலைகளில் விலா எலும்பு தெரிய, வற்றிய மார்போடு, கையில் தாளம் வைத்துக்கொண்டு சிரித்தபடி இருப்பார். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்திலேயே ஒன்று இருக்கு.

சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் சொன்ன அவர் கதையும் சாப்பாட்டில்தான் தொடங்குகிறது. புருஷன் அனுப்பிய ரெண்டு மாம்பழம், அடியாருக்குப் போட்ட ஒன்று, புருஷன் இலையில் வைக்க இல்லாமல் போன ஒன்று. அற்புதத்தைப் பார்த்து மிரண்ட பரமதத்தன் அவரை விட்டுப் போய் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறகு அவர் கேட்டது ஒன்றுதான்: இவனுக்காகச் சுமந்த இந்த அழகான உடம்பு இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு. தன் பாட்டுகளில் தன்னையே காரைக்கால் பேய் என்கிறார். இவரைப் போய் நோயாளி என்பது அபத்தம். அவர் தானாகக் கழற்றிப் போட்டார், போட்ட பிறகு பாடினார்.

என் பெரியம்மா பாடலை. அதுதான் வித்தியாசம். லைட்டை அணைச்சுட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தாங்க. ஆனால் வெளியிலிருந்து பார்த்த எங்களுக்கு வித்தியாசம் தெரியாமல் போனது. கிருத்திகை என்றால் கிருத்திகை. விரதம் இருக்கிற வயசான பெண்ணிடம் "ஏன் சாப்பிடலை?" என்று இரண்டாவது கேள்வி கேட்க எங்களுக்குப் பழக்கமில்லை. ரெண்டாயிரம் வருஷப் பழக்கம் அது. ஒரு இருபது வயசுப் பொண்ணு ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளினா வீடே விசாரிக்கும். அறுபது வயசுக்காரி தள்ளினா, "வயசாச்சுல்லா, பசி குறைஞ்சிருக்கும்."

அப்புறம் பெரியம்மா என்கிட்ட பேசினாங்க. ஒரே நாளில் இல்லை, கொஞ்சம் கொஞ்சமா, பெரும்பாலும் வெங்காயம் உரிக்கும்போது. எடையைப் பத்தி அவங்க அதிகம் பேசவே இல்லை. முகாமில் சொன்ன அந்த ஒரு வரி, அப்புறம் நாங்க கைதட்டினது, அது ஆரம்பம்தான். "வேலைல இருந்தப்ப பிள்ளைய தட்டத் தூக்கிட்டு வரும்லா. ஆயாம்மா, இன்னும் கொஞ்சம்னு கேக்கும். எல்லாத்துக்கும் போட்டுட்டு, மிச்சத்த வழிச்சு ஒரு வாய் திம்பேன். ரிட்டையர் ஆன பொறவு அடுக்களைல நின்னா யாருக்குப் பொங்கன்னே தெரியல. எனக்குன்னு ஒரு ஆழாக்கு அரிசி போட்டுப் பொங்க வெக்கமா இருந்திச்சு."

வெட்கம் என்றார்கள். நான் திரும்பக் கேட்டேன், அதே சொல்லைத்தான் சொன்னார்கள். வாழ்க்கை முழுக்க அடுத்தவர் சாப்பிட்ட பிறகு சாப்பிட்டவருக்கு, முதலில் சாப்பிட யாருமே இல்லாதபோது தன் பசியே திருட்டு மாதிரி ஆகிவிட்டது. திருட்டு என்றால் ராத்திரியில்தானே.

நாலு மாசத்துக்கு ஒரு தடவை திருநெல்வேலிக்குப் போறோம். மாத்திரை ஒண்ணு, பேச்சு நிறைய. சத்துணவியல் நிபுணர் ஒருத்தர் முட்டு வலிக்கும் சர்க்கரைக்கும் ஏற்ற மாதிரி சாப்பாட்டை மாத்திக் கொடுத்தார். பட்டியல் இல்லாமல், நேரம் மட்டும் குறித்து. நடுவில் ஒரு தடவை பழையபடி ஆனது. அப்போ நான் சென்னையில் இருந்தேன், பதறிப்போய் டெலிமானஸ் எண்ணுக்கு அழைத்தேன். 14416, மத்திய அரசு 2022-ல் தொடங்கிய மனநல உதவி எண், தமிழில் பேசுவாங்க. உங்க வீட்டிலும் யாரையாவது நினைச்சு இதைக் கேட்டுக்கிட்டிருந்தா குறிச்சுக்கோங்க.

பக்கத்து வீட்டில் பீடி சுத்துகிற ஒரு அக்கா, மத்தியானம் தூக்குச்சட்டியோட பெரியம்மா வீட்டுக்கு வந்திடுவாங்க. இது டாக்டர் சொல்லலை, அவங்களாகவே ஏற்பாடு பண்ணிக்கிட்டது. அக்காவுக்கும் தட்டை மடியில் வச்சுக்கிட்டுக் குனிஞ்சே இருக்கிற வேலை, சாப்பாட்டை டீயிலேயே ஓட்டுகிற ஆள். ரெண்டு பேரும் சேர்ந்து உட்காருவாங்க. வெஞ்சனம் ஒருத்தர் வீட்டுது, சோறு ஒருத்தர் வீட்டுது.

போன மாசம் ஊருக்குப் போனப்போ இந்த ரெக்கார்டிங்கை, மூணாவது தடவை பண்ணினதை, பெரியம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். இயர்போனை ரெண்டு காதிலும் மாட்டிக்கிட்டு, கண்ணை மூடிக்கிட்டு முழுசாக் கேட்டாங்க. பூட்டி கதை வந்தப்போ லேசா உதட்டைக் கடிச்சாங்க. பரோட்டா இடத்தில் என்னைப் பார்க்கலை. முடிஞ்சதும் இயர்போனைக் கழட்டினாங்க. நான் காத்துக்கிட்டிருந்தேன்.

"ஏட்டி, எண்பது பிள்ளைய இல்ல. எழுபத்தி ரெண்டு. முட்டை போடுத நாளைக்கு மட்டுந்தான் எண்பது வரும்."

திருத்திக்கிறேன். எழுபத்திரெண்டு.